ஏரிக்கு வந்த கேமராக்காரர்

கேமராவோடு ஒருவர் ஏரிக்கரையில் உட்கார்ந்தால், பறவை பார்க்க வந்திருக்கிறார் என்று நம்பிவிடுகிற ஏமாளிகள் ஆம்பூர்ப் பக்கத்தில் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்படி ஒருவர் வந்தார். மூன்றுகால் ஸ்டாண்டும் முழங்கை நீள லென்ஸுமாகக் காலையிலிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு மொத்தமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்கு டேனரியில் வேலை, தோல் பதமாகிற டிரம்மில். முந்தின வருஷம் டேனரிக் கழிவுக் குழாயை யாரோ எடுத்த போட்டோ பேப்பரில் வந்து, டேனரிக்கு சீல் வைத்துவிட்டார்கள். மறுபடி திறக்கிறவரை எங்களுக்கு இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். இன்னொரு போட்டோ வந்தால் அந்தக் கூழும் கிடையாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

துப்பறியும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி, தனக்குத் தெரியாமல் ஊரில் ஒன்றும் நடக்காது என்கிற நினைப்பு அவருக்கு. தனியாகப் போனால் சந்தேகம் வரும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பாப்பாவுக்குக் குருவின்னா உசுரு சார்" என்று ஆரம்பித்தார். அது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கேமராக்காரர் சந்தோஷமாக நகர்ந்து இடம் விட்டார். லென்ஸ் வழியே பார்த்தேன். சிவந்த குச்சிக்கால்களோடு ஒரு பறவை, மூக்கைச் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. நெடுங்கால் உள்ளான் என்றார். சத்தியமாக எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது.

"படம் புடிச்சி இன்னா பண்ணுவீங்க?" என்றார் மாமா.

"சும்மா வெச்சிப் பாத்துக்கிட்டிருப்பேன்."

சும்மா செய்கிறேன் என்று சொல்கிறவனை மாமா எப்போதுமே நம்பியதில்லை. பாப்பாவுக்கு எல்லாப் படத்தையும் காட்டச் சொன்னார். நான் பறவைகளைப் பார்த்தேன். மாமா பறவைகளுக்குப் பின்னால் குழாய், மதில், மோட்டார் ஷெட் ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேமராக்காரரை டீ குடிக்க வீட்டுக்கே கூட்டி வந்து, அப்பாவின் காதோரம் சொன்னார்: "மச்சான், சுத்த லூசு. குருவி காலத்தான் புடிச்சி வெச்சிருக்குறாரு."

அப்பா அவ்வளவு சுலபத்தில் மசிகிறவர் இல்லை. தானும் ஒருமுறை பார்ப்பதாகக் கேமராவை வாங்கினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். உள்ளான் ஒற்றைக்காலில் நிற்க, சுற்றிலும் தண்ணீர் நீலநீலமாக இருந்தது.

"வானம் தெரியுதுப்பா" என்றேன். அன்று காலையிலிருந்தே மழைமூட்டம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"இது எந்தப் பக்கம் சார் எடுத்தீங்க?"

"ஓடை வந்து சேர்ற எடத்துல. இன்னிக்குக் காலையிலதான். நேத்து மழைக்கு இந்தக் கலரு வந்திருக்கும்."

"அழிச்சிடுங்க சார்."

"ஏங்க, இதான நல்லா வந்திருக்குது?"

அப்பா கேமராவை நீட்டினார். அவருடைய நகக்கண்ணெல்லாம் அதே நீலம். டிரம்மிலிருந்து தோலை இழுத்துப் போடுகிறவர்களுக்கு அது எந்த சோப்பிலும் போகாது. கேமராக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தை அழித்தார். டீயை வாயில் வைக்காமலே கிளம்பிப் போனார். நம் வீட்டு டீ இறங்கவில்லையாக்கும் என்று அம்மா ரொம்ப நேரம் முணுமுணுத்தாள்.

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம். இருந்த படங்களிலேயே அழகானது அதுதான்.

மறுநாள் காலையில் அப்பா, ஏரி ஊற்று வருகிற எங்கள் கைப்பம்பின் பிடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். வாசலில் கேன் தண்ணீர் வந்து இறங்கியது.

"இத்தினி வருஷமா குடிச்ச தண்ணிக்கு இன்னா வந்துச்சி இப்போ?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு டேனரிக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய முதல் வீடு எங்களுடையதுதான். நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொன்னேன்.