கடல் பக்கக் கோலுக்கு வந்த பந்துகள்

எனக்கு லோங் பாஸ் வாங்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னது பொய், தலைவரே. பொய் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னீர்கள்.

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட குரல் பதிவை நான் கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பின்சீட்டில் ஒரு உம்மாவும் மகளும் பெருநாள் சாமான்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். போனில் உங்கள் குரல் பெரிதாகவே கேட்டது.

"இடது விங்ல விளையாடுறவருக்குப் பின்னால இருந்து வாற லோங் பந்த வாங்க ஏலா. பைனலுக்கு வேற ஆளப் போடுறம். ஆரும் கோவிக்கப்படா."

பெயர் சொல்லவில்லை. இடது விங்கில் என்னை விட்டால் யார்? என் முகத்தைப் பார்த்ததும் முன்பின் தெரியாத அந்த உம்மாவுக்கே விளங்கிவிட்டது.

"ஒங்களத்தான் சொல்றாங்களா மகன்?"

"ஓம் உம்மா" என்று வண்டியை எடுத்தேன். இறங்கும்போது அவர் எனக்காக இறைவனிடம் துஆச் செய்வதாகச் சொன்னார். ஊர் முழுக்க எனக்கு துஆச் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தது நீங்கள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்து மூலைத் தேநீர்க் கடையில் என்னைப் பற்றித்தான் பேச்சு. நான் உள்ளே போனேன். யாரும் நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பற்றி அவன் முகத்துக்கு முன்னால்தான் இன்னும் உற்சாகமாகப் பேசுவார்கள்.

"இவனுக்கு ஓட்டமிரிக்கி. கண்ணில்ல" என்றார் துணிக்கடைக் காக்கா. ஊருக்கே அண்ணன் முறையான அவர் ஒரு போட்டி விடாமல் பார்ப்பவர். பந்தைத் தொட்டதில்லை.

"கண்ணில்லாமயா காக்கா ஓட்டோ ஓட்டுறான்?" என்றான் எங்கள் கோல் கீப்பர். பாண்டிருப்புக்காரன், என் கூட்டாளி.

"அதுதான் போன மாசம் பள்ளிவாசல் மதில்ல கொண்டு போய் இடிச்சானே."

கடை சிரித்தது. கடைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே தன் பங்கைச் சொன்னார். "பந்து முதுகுக்குப் பின்னால இருந்து தலைக்கு மேலால வருது. ஓடிக்கிட்டே அத வாங்க ஆந்தக் கழுத்து வேணும்டா."

"ஆந்தைக்குப் பகல்ல கண் தெரியா காக்கா."

"அப்ப இவன் ஆந்தயேதான்!"

கோல் கீப்பர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான். "மச்சான், நீ உட்ட பந்தெல்லாம் எந்தப் பக்கம் அடிக்கக்குள்ள?"

யோசிக்கவே தேவைப்படவில்லை. எல்லாம் நாங்கள் கடல் பக்கக் கோலுக்கு அடிக்கும்போது.

எங்கள் மைதானத்தைக் காணாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு கோல் கம்பம் கிழக்கே, கடல் பக்கம். மற்றது மேற்கே, வீதிப் பக்கம். அஸர் முடிந்துதான் போட்டி தொடங்கும். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டால் பந்து எங்கே கிடந்தாலும் போட்டி முடிந்தது. காயம் பட்ட நேரம், வீணான நேரம் என்று எதையும் நடுவர் கூட்டித் தரமாட்டார். அதனால் இரண்டாம் பாதியின் கடைசியில் எல்லோருக்கும் அவசரம். குட்டிக் குட்டியாகப் பந்தைக் கடத்திப்போக யாருக்கும் பொறுமை இருக்காது. எங்கள் பின்வரிசையில் நிற்கும் ஸ்டொப்பர், அதாவது உங்கள் மருமகன், தலையைக் குனிந்து ஓங்கி ஒரு அடி அடிப்பார். இடது விங் ஓடிப் பிடிக்க வேண்டும்.

இத்தோடு அதிர்ஷ்டம் தரும் என்று நீங்கள் நம்பும் பரக்கத்தும் சேர்ந்துகொள்கிறது. எப்போதோ ஒரு வருடம் நாங்கள் இரண்டாம் பாதியில் கடல் பக்கம் அடித்துக் கிண்ணம் வென்றோம். அன்றிலிருந்து டொஸ் வென்றால் இரண்டாம் பாதி கடல் பக்கம்தான் அடிக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். "அந்தப் பக்கம் அடிச்சாத்தான் பரக்கத்" என்பீர்கள். டொஸ் தோற்றாலும் பரவாயில்லை, எதிரணி அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே நமக்குத் தந்துவிடும். அவர்களுக்குக் கண் இருக்கிறது.

கச்சான் காலத்தில் காற்று மேற்கிலிருந்து கடலுக்கு அடிக்கும். அந்த நேரம் சூரியனும் மேற்கே உங்கள் மருமகனின் தலைக்குப் பின்னால் இறங்கி நிற்கும். அவர் அடித்த பந்து சூரியனுக்குள் போய்விடும். நான் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் கண் கூசும், வேறொன்றும் தெரியாது. பந்து வெளியே வரும்போது கச்சான் அதை என் தலைக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய் தோணிகள் இழுத்துவைத்திருக்கிற இடத்தில் போட்டுவிடும். பிறகு "ஏலா" என்று ஒரு குரல் பதிவு.

என் பிழைகளும் உண்டு. நேராகக் காலுக்கு வந்த பந்தைத் தவறவிட்டிருக்கிறேன். அதைச் சொல்லுங்கள், தலையைக் குனிந்து கேட்பேன்.

மறுநாள் பயிற்சியில் உங்களிடம் வந்து, எல்லோர் முன்னாலும் பந்தை அடித்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் கதிரை போட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் மருமகனைக் கடல் பக்கம் நிறுத்தி வீதிப் பக்கம் அடிக்க வைத்தேன். நெஞ்சில் வாங்கினேன், தொடையில் வாங்கினேன், ஓடுகிற ஓட்டத்தில் காலோடு ஒட்டிக் கொண்டுபோனேன். ஒன்றும் தவறவில்லை. துணிக்கடைக் காக்காவே கைதட்டினார்.

நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அது எதிர்க்காத்து. பந்தப் புடிச்சிக் கொண்டாந்து கால்ல குடுக்குது. சின்னப் புள்ளையும் வாங்கும்."

"அப்ப அந்தப் பக்கம் அடிக்கக்குள்ள காத்து பந்தப் பறிச்சிக்கிட்டுப் போகுதா இல்லையா காக்கா?"

நீங்கள் போனை எடுத்து நேரம் பார்த்தீர்கள். "மஃரிபுக்கு நேரமாகுது" என்று கதிரையை மடித்தீர்கள். காற்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதனால்தான் பொய் என்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் இறுதிப் போட்டியை நான் சனத்தோடு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். என் இடத்தில் சாய்ந்தமருதிலிருந்து கொண்டுவந்த புதியவன். என்னைவிட வேகம், அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் பாதியில் வீதிப் பக்கம் அடித்தோம். நீண்டு வந்த ஒரு பந்தை நெஞ்சில் வாங்கிக் கோல் போட்டான். நீங்கள் அறிவிப்பாளரின் மைக்கைப் பறித்து, "இதுதான் வாங்குற வாங்கு! பாத்துப் பழகுங்க!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நிலக்கடலை தின்றேன்.

இரண்டாம் பாதி, கடல் பக்கம். முதலாவது பந்து அவன் தலைக்கு மேலால் போனது. அடுத்ததும் போனது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு ஓடினான் பாவம். ஒரு பந்தைத் தேடி எதிர்த்திசையில் திரும்பி நின்றான், சனம் ஊளையிட்டது. எங்கள் அடி ஒவ்வொன்றும் தோணிக்குப் போக, அவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். பாங்கு கேட்டது. தோற்றோம்.

"நல்ல காலம் நீ விளையாடல்ல. நீயெண்டா முதல் பாதியிலேயே தோத்திருப்பம்" என்றார் துணிக்கடைக் காக்கா.

அன்றிரவே அடுத்த குரல் பதிவு வந்தது. "புதுப் பொடியனுக்கும் பின்னால வாற பந்து வாங்க ஏலா. அடுத்த வருஷம் வேற ஆள் பாப்பம்."

கொஞ்ச நேரம் எனக்கு சந்தோசமாக இருந்தது. பிறகுதான் இரத்தம் கொதித்தது. எனக்கு முன்பு இடது விங்கில் விளையாடியவருக்கும் இதே பேச்சுத்தான். அவர் கத்தாருக்குப் போய் அங்கே தன் கம்பனி அணியில் இன்றும் விளையாடுகிறார். விங்கில் ஆளுக்கு மேல் ஆளாக மாற்றினீர்கள். டொஸ்ஸில் எடுக்கிற பக்கத்தை ஒரு தரம்கூட மாற்றிப் பார்க்கவில்லை. உங்கள் மருமகனிடம் பந்தைக் கொஞ்சம் தாழ்த்தி அடி என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

"விடுங்க, விளையாட்டுத்தானே" என்கிறாள் என் மனைவி. அவளுக்கென்ன, ஓட்டோவில் ஏறுகிறவன் ஒவ்வொருவனும் "பந்து வாங்க ஏலாதவர்ட ஓட்டோவா?" என்று கேட்பது என்னிடம்தான். என் மகன் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு இது எனக்கு விளையாட்டு இல்லை.

நேற்று உங்கள் மருமகனிடம் வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினீர்கள், கோபம் வேண்டாமாம். அதை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், உணவைத் திருப்பி அனுப்புவது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. ஆனால் பதில் வட்டிலப்பத்தில் வந்து சேராது.

வெள்ளிக்கிழமை கழகப் பொதுக்கூட்டம். மைக் இருக்கும், சாய்ந்தமருதுப் பையனையும் நான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவேன். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, ஊர் கேட்க, மைக்கில் சொல்லுங்கள் தலைவரே: அந்தப் பந்துகளை வாங்க முடியாமல் போனது எங்கள் பிழையா, உங்கள் பிழையா?