ரிக்ஸ்ட்டின் பை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக் கிராமம் ஒன்றில் டாக்டர் வியர்ஸ்மா வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்துத் தலை நரைத்தவர். கூட்டாளியாக இளம் டாக்டர் ரிக்ஸ்ட் வந்து சேர்ந்த பிறகு அவருக்கு வயிறு எரியத் தொடங்கியது. அவள் பையில் உள்ளங்கையளவு ஸ்கேன் கருவி இருந்தது. உடம்பில் வைத்தால் உள்ளே இருப்பது போனில் தெரியும். "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்று ஊரே கேட்டது.

ரிக்ஸ்ட் விடுப்பில் இருந்த ஒரு நாள், பால்பண்ணைக்காரர் ரைன்டருக்கு வயிற்றுவலி என்று அழைப்பு வந்தது. வியர்ஸ்மா தன் பையோடு அவள் பையையும் எடுத்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், ரெண்டு பை? இங்கயே தங்கப் போறீங்களா?" என்றாள் ரைன்டரின் மனைவி ஹில்யா.

ரைன்டர் சாய்வு நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து சிறுநீர் சொட்டுகூடப் போகவில்லை. அடிவயிற்றில் கை வைத்ததுமே வியர்ஸ்மாவுக்கு விளங்கிவிட்டது, சிறுநீர்ப்பை கல்லாக வீங்கியிருந்தது. உடனே சிறுநீரை வெளியேற்றும் குழாயைப் போட்டிருக்கலாம். ஆனால் ஹில்யா பார்க்கிறாளே! ஸ்கேனை எடுத்து அவர் வயிற்றில் தேய்த்தார். திரையில் சாம்பல் பனிதான் தெரிந்தது. திருப்பினார், அழுத்தினார். ரைன்டர் அலறினார்.

"யோவ், உயிர் போகுதுய்யா! படம் அப்புறம் பாத்துக்கலாம்!"

வியர்ஸ்மாவுக்கு முகம் சிவந்தது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து குழாயை எடுத்துப் போட்டார். ரைன்டரின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

ஹில்யா காபியும் சர்க்கரை ரொட்டியும் கொண்டுவந்தாள். "பாத்தீங்களா, அந்தப் பொண்ணோட மெஷின் எப்படிக் கண்டுபிடிச்சிடுச்சு!"

'கண்டுபிடிச்சது என் கைதான்' என்று சொல்ல வியர்ஸ்மா வாயெடுத்தார். அந்தக் கை எதற்காகக் காத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்குமே. காபியை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் ரிக்ஸ்ட்டிடம், "உன் பையை நான்தான் கேக்காம எடுத்தேன்," என்றார். "வீம்புக்கு ஸ்கேன் பண்ணப்போயி ரைன்டரைத் துடிக்க வச்சுட்டேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, டாக்டர்," என்றாள் அவள். "வாங்க, எப்படிப் பிடிக்கணும்னு காட்டறேன்."

அவள் திட்டியிருந்தால்கூட அவர் மனம் ஆறியிருக்கும். சட்டையைத் தூக்கித் தன் வயிற்றையே அவளிடம் காட்டினார். கருவியை வைத்த முதல் தடவையிலேயே படம் பளிச்சென்று விழுந்தது, அவள் கையில்.