‘ப’ வரிசை முடியவில்லை

2009இல் நாங்கள் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தோம். மருமகள் கவிதா சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிப்பவள். தன் பாடங்களைப் படமும் குரலுமாகச் செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவந்தாள்.

“சும்மா குடுத்தால் ஆர் பிள்ளை மதிப்பினம்?” என்று நான் ஓயாமல் சொல்வேன்.

எனக்கு எழுத்துக் கூட்டவே சரியாக வராது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. கோயிலில் நோட்டீஸ் தந்தால், கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன் என்று தப்பிவிடுவேன். கவிதா வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரில் அவளுடைய பாடங்களைத்தான் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகினேன். அவளைக் குறை சொன்னதும் அந்தக் கள்ளத்தை மறைக்கத்தான்.

ஒரு ஞாயிறு காலை அவள் முகம் வாடியிருந்தது.

“நீங்கள் சொன்னது சரிதான் மாமி. பாடத்துக்குக் கீழை ஒருத்தரும் ஒரு சொல் எழுதேல்லை. எல்லாத்தையும் இண்டைக்கு அழிக்கப் போறன்.”

கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன். கௌரவத்தை விட மனம் வரவில்லை. பாடத்தை விடவும் வரவில்லை.

“அழிக்காதை பிள்ளை. நான் இன்னும் ‘ப’ வரிசை முடிக்கேல்லை.”

“நீங்களோ மாமி?”

“ஓம்.”

“அப்ப ‘ஆர் மதிப்பினம்’ எண்டு ஏன் கேட்டனீங்கள்?”

“மதிக்கிற ஆள்தானே முன்னாலை இருக்கிறன்.”

அவள் சிரித்துக்கொண்டு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். தெரியாத எழுத்துகளை அவளிடம் கேட்டு, ஒற்றை விரலால் தட்டி, பாடத்தின் கீழே முதல் ஆளாக எழுதினேன்: ‘நான் படிக்கிறேன்.’ என் பெயரையும் வயதையும் போட்டேன்.

அந்தக் கிழமையே பாரிசிலிருந்து ஒரு பெண் அதன் கீழே எழுதினாள்: ‘நானும்தான் அம்மா.’

இப்போது கோயிலில் நோட்டீஸ் தந்தால் உண்மையாகவே கண்ணாடியைத் தேடுகிறேன்.