சிகாமணியின் பலகை ஆர்மோனியம்

செவ்வாய்க்கிழமை காலை. கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஏம்பலத்திலிருந்து சரக்கு ஏற்றிவந்த வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்கும் முன்பே, "உங்க பாட்டு வாத்தியாரு பூட்டாருங்க. நாலு நாளா காய்ச்சல்" என்றார். "யாரு, சிகாமணியா? நம்ம சிகாமணியா?" என்று பைத்தியக்காரனைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏம்பலத்திலிருந்து வில்லியனூருக்கு நடந்தே வருகிற பாட்டு வாத்தியார் வேறு யார் இருக்கிறார்?

தெய்வசிகாமணியை அறிந்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். எங்கள் கடைத்தெருவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தந்த வீட்டுப் பெட்டியில் வாசித்துக் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். சொந்தமாக ஒரு பெட்டி வாங்கக் கடைசிவரை அவரால் முடியவில்லை. எங்கள் பஜனைக் கூட்டத்தில் பெட்டி என்னுடையது, விரல்கள் அவருடையவை. பஜனை முடிந்ததும் பெட்டியைத் துடைத்து, துணி சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். அதைப் பார்த்து, "கடைக்காரரே, தாலாட்டும் பாடிடு, தூங்கட்டும்" என்று கிண்டல் செய்வார்.

ஏம்பலத்தில் கரும்பு வெட்டும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு அவர் சாயங்காலங்களில் பாடம் எடுத்ததுதான் பலருக்குத் தெரியாது. பெட்டிக்கு எங்கே போவது? மாம்பலகை ஐந்தை இழைத்து, சுண்ணாம்பாலும் கரியாலும் ஆர்மோனியத்தின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளை வரைந்தார். பிள்ளைகள் பலகையை மடியில் வைத்து, வழுக்காமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பாடுவார்கள். விரல் ஒரு சுரத்திலும் குரல் இன்னொன்றிலும் இருந்தால் விடமாட்டார். ஒருநாள் வெல்லம் எடுக்கப் போனபோது பார்த்தேன். அஞ்சலை என்ற ஒன்பது வயதுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

அப்போது பிரெஞ்சு ஆட்சி. பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கேட்டு, கொம்யூன் தலைவரான மேரிடம் அவர் எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் மேர் ஒரு வார்த்தை கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலாம் தேதித் திருநாளில் அந்தப் பிள்ளைகள், வாத்தியார் துணையில்லாமல், ஊரார் முன்னால் வாசித்துக் காட்டட்டும். காட்டினால் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையும் ஒரு பெட்டியும் அவர்களுக்கு. சிகாமணி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் உன் பொட்டியைக் குடுப்பா. புள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்."

"ஏம்பலத்துப் புழுதியிலயா? உள்ள இருக்குற ரீடெல்லாம் தூசி பூந்து வீணாப்பூடும்" என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். "திருநாள் அன்னிக்கு நானே எடுத்தாரேன், போ."

எடுத்துப் போனேன். பாயை விரித்துப் பெட்டியை நானே வைத்தேன். "மனசுக்குள்ள பாடு, வெளியில பொட்டி பாடட்டும்" என்று அஞ்சலையின் காதில் சொல்லிவிட்டுச் சிகாமணி ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். பழகியபடியே இடது கையால் பெட்டியின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வலது கை விரல்கள் ஓடின. சத்தமே இல்லை. பெட்டிக்குக் காற்றடிக்கிற துருத்தி பலகைக்கு ஏது? இடது கையால் துருத்தி போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ஐயோ, என் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்றுதான் என் புத்தி முதலில் போனது. அதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. "இதுங்களுக்கு இன்னாத்துக்குய்யா பாட்டுப் பொட்டி?" என்றார் ஒரு நிலக்காரர். பெட்டியை உடைத்துவிட்டோம் என்று பயந்து அஞ்சலை எழுந்து ஓடினாள். சிகாமணி அவள் பின்னால் ஓடினார். மேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கைகாட்டினார்.

அறை கிடைக்கவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் மூன்றாகி, ஒன்றாகி, எல்லாரும் கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் பல மாதம் அவர் பலகைகளோடு தனியாகப் போய் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒருமுறை, பஜனை முடிந்து பெட்டியை மூடும்போது சொன்னார்: "மூச்சு வுடச் சொல்லி யாருனா பாடம் எடுப்பாங்களா? துருத்தி எனக்குத் தோணவே இல்லப்பா. ஒரு வாட்டி தொட்டிருந்தா அதுங்களே கண்டுபிடிச்சிருக்கும்." நான் துணியைச் சுற்றினேன்.

அவர் சாவுக்குப் போயிருந்தேன். தெருமுனையில் இடுப்பில் குழந்தையோடு அஞ்சலை நின்றாள். கரும்புத் தோகை கிழித்த கைகள். எனக்குத் தாங்கவில்லை. "வூட்டுக்கு வாம்மா. பொட்டி அப்படியே இருக்குது. வந்து வாசி" என்றேன்.

"வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "பலகையில வாசிச்சப்ப எனக்கு நல்லா கேட்டுது. உங்க பொட்டியிலதான் கேக்கல."

"அந்தப் பலகை இருக்குதா?"

"அது எப்பவோ அடுப்புல பூட்டுது."

அவருடைய நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த ஆர்மோனியம் இருக்கிறது. நேற்று எடுத்துத் திறந்து பார்த்தேன். ரீடுகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.