ஸ்பேஸ் பாரைத் தட்டும் விரல்

மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தவர். ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். லென்ஸ் என்றில்லை, காதில் விழும் எதையாவது நம்ப முடியாவிட்டாலும் அப்படித்தான் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

கடைக்கு வரும் கம்ப்யூட்டர்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. "கண்ணு கெட்டாக் கெட்டுப்போகட்டும் மாப்ள, எனக்குத்தான் கடை தெரியுமே" என்று சிரித்துவிட்டு, வேலையை விட்டு ஆறு மாதக் கோடிங் வகுப்பில் சேர்ந்தார். கடையில் அவர் நாற்காலிக்கு உடனே வேறு ஆள் வந்துவிட்டார்.

வகுப்பு முழுக்க வீடியோதான். ஆசிரியர் ஒரு வரி அடிப்பார். மாமா ஸ்பேஸ் பாரைத் தட்டி வீடியோவை நிறுத்துவார். அந்த வரியை அப்படியே அடிப்பார். மறுபடி தட்டுவார், வீடியோ ஓடும்.

"கதவைத் தட்டுற மாதிரி தட்டிட்டே இருக்காரு. எவனாவது திறந்தாச் சரி" என்பாள் அக்கா.

கடைசியில் ஒரு லைப்ரரி ஆப் உருவாகிவிட்டது. புத்தகத்தைச் சேர்க்கலாம், நீக்கலாம். எனக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது.

இன்டர்வியூ வீட்டிலேயே, வீடியோ அழைப்பில் நடந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கேமராவில் விழாதபடி நான் கட்டிலின் மூலையில் ஒடுங்கியிருந்தேன். மாமா மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை.

கேள்வி கேட்டவருக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகவே பேசினார்.

"சார், இதே ஆப்பை இந்த வாரம் எத்தனை பேர் காட்டிட்டாங்கன்னு எனக்கே தெரியல. கலர்கூட மாறல."

"நல்ல கலர்தானே சார்" என்றார் மாமா.

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. நாள் தாண்டியும் திருப்பித் தராத புத்தகம் சிவப்புல தெரியணும். அவசரமே இல்ல."

மாமா திரையைப் பார்த்தார். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. காத்திருந்தார். மறுபடி தட்டினார். ஓடுவதற்கு அங்கே வீடியோ இல்லை. வெற்று வரியில் கர்சர் மட்டும் எதையும் எழுதாமல் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

அதற்குப் பிறகு எங்கெங்கோ விண்ணப்பித்தார். பதில் என்று ஒன்றும் வரவில்லை. கடைசியில் அழைத்தது அந்தப் பயிற்சி நிறுவனமேதான். சேரலாமா என்று விசாரிப்பவர்களிடம் போனில் பேசும் வேலை. வேலை கிடைத்தவர்கள் என்று அவர்கள் போடும் படங்களில் இப்போது மாமாவும் சிரிக்கிறார்.

"கேக்கிறவங்ககிட்ட என்னங்க சொல்ல?" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காருன்னு சொல்லு. பொய்யில்லையே."

இன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காதில் ஹெட்போனோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"தையல் கடையிலயா இருக்கீங்க? வேலைய விட்டுட்டீங்களா, இனிமேதானா?"

மறுமுனையின் பதில் எனக்குக் கேட்கவில்லை. வேலைய விடாதீங்க என்று மாமா சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"கிடைக்குமான்னா... எனக்குக் கிடைச்சுதே மேடம்."

அவருடைய ஒரு கண் மூடியிருந்தது. அடுத்த வரி திரையில் தயாராக இருந்தது. அதைப் பார்த்து வாசித்தார்.