ஒன்பதாவது கட்டம்: குருவின் பெயர்

இருபது வருடம் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்துவிட்டு, விதி அனுமதித்த முதல் மாதத்திலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். காலியாக விடப்பட்ட கட்டம் ஒரு குறை. அந்த விண்ணப்பம் திரும்பிப் போகும். பொய்யால் நிரப்பப்பட்ட கட்டம் குறையாகாது. யாராவது ஆட்சேபம் எழுப்பும்வரை அது முறைப்படி சரியானது. நிர்வாகம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். பணியில் சேர்ந்தபோது பயிற்சி என்ற பெயரில் ஆறு வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை. பதினோரு வயதிலேயே நான் ஒரு விண்ணப்பத்தை முறைப்படி நிரப்பி, என் சித்தியின் ஒன்பது வருட வேலையை ஒழித்துக்கட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மைசூரில், மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா காலை ரயிலில் நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போய் மாலையில் திரும்புவார். அம்மாவின் தங்கை எங்களோடு இருந்தாள். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் என்பது மட்டுமே அவளைப் பற்றி உறவினர்களிடம் இருந்த குறிப்பு. அவள் படம் போடுகிறவள் என்பதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த தெருவில், ஒரு மரக்கடையின் மாடியில், மைசூர் பாணிச் சாமி படங்கள் தயாராகும் பட்டறை இருந்தது. சித்தியோடு சேர்த்து ஆறு பெண்கள். பலகையில் காகிதம் ஒட்டி, உருவம் வரைந்து, நகைகளுக்கும் சாமியைச் சுற்றி வரும் திருவாசி வளைவுக்கும் பசையால் மெல்லிய மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்குத் தாள் ஒட்டி, வர்ணம் பூசி முடிப்பார்கள். கண்ணை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவார்கள். கண் மாஸ்டருடையது. வெள்ளிக்கிழமை காலை அவர் குளித்து, பட்டுக்கரை வேட்டியோடு வந்து, அந்த வாரம் முடிந்த சாமிகளுக்கெல்லாம் வரிசையாகக் கண் திறப்பார். ஒரு சாமிக்கு ஐந்து நிமிடம். பிறகு வலது மூலையில் கையெழுத்து. மாஸ்டர் வரைந்த படம் என்று ஊர் சொல்லும். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்திலும் கோப்பை எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். இரண்டாமவர் எழுதியதாகத்தான் ஆவணம் சொல்லும்.

தங்க ரேக்கு மூச்சுக்கே பறந்துவிடும். அதை ஒட்டும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், பெண்கள் வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொள்வார்கள். ஏப்ரல் மாதத்திலும் அப்படித்தான். நான் போனால் கதவைத் தட்டக் கூடாது, திறக்கவும் கூடாது. படியில் உட்கார்ந்து, உள்ளே மறுபடி விசிறி ஓடும் சத்தத்திற்காகக் காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் ஆறு பெண்களும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விடுவது வெளியே கேட்கும்.

அந்த வருடம் சித்தி தனக்காக ஒரு படம் போட ஆரம்பித்தாள். வரப்போகும் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, அந்தப் பணத்தில் ரேக்கு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறைத் தரையில், அம்மா அடுப்பை அணைத்தபிறகு வேலை நடந்தது. எந்தச் சாமி என்று தெரிந்துகொள்ள நாங்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தோம். சாமியைக் காணோம். ராஜராஜேஸ்வரிக்கு வைப்பதுபோல் பெரிய திருவாசி. அதற்குள் தரையில் சம்மணமிட்டு ஒரு பெண். வாயில் துணி, குனிந்த தலை, கையில் ரேக்கு. தலைக்குமேல், குடை வர வேண்டிய இடத்தில், ஒரு மின்விசிறி. அதன் மூன்று இறக்கைகளுக்கும் தங்கம்.

"ஊரெல்லாம் சாமிக்குத் தங்கம் வெக்கும், எந்தங்கச்சி ஃபேனுக்கு வெக்கறா" என்றாள் அம்மா.

"சாமியா காத்து குடுக்குது? ஃபேன்தானேக்கா."

"அதுவும் நிக்கற ஃபேனாச்சேடி!"

"நிக்கறதாலதான் தங்கம். ஓடற ஃபேனுக்கு எதுக்கு?"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு யார் கண் தெறக்கறது?" என்று கேட்டார்.

"கீழ பாக்கறா மாமா. தெறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஊரில் ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. தசராவுக்கு முன்பு ஐந்து நாள் கண்காட்சி நடத்துவார்கள். மாஸ்டரின் படங்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே தொங்கும். அந்த ஐந்து நாளும் பட்டறைப் பெண்கள் பட்டறையில்தான் இருப்பார்கள். சித்தி அந்தச் சங்கத்தின் விண்ணப்பத்தை வாங்கிவந்தாள். பதின்மூன்று கட்டங்கள், எல்லாம் கன்னடத்தில். சித்தி கன்னடத்தில் சண்டையே போடுவாள், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. நான் கன்னடப் பள்ளியில் படித்தேன். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். எனவே அந்த வீட்டின் எழுத்தர் பதவி எனக்கு இயல்பாக வந்து சேர்ந்தது.

எட்டுக் கட்டங்கள் சுலபமாகப் போயின. ஒன்பதாவது: குருவின் பெயர்.

"யாருமில்லன்னு கோடு போடு கண்ணு."

"யாருமே சொல்லிக் குடுக்காம எப்படி சித்தி?"

"கோலம் போட்டேன். அப்புறம் மத்தவங்க செய்யறதப் பாத்தேன். கை செஞ்சுது. மாஸ்டரு என்னைக்குச் சொல்லிக் குடுத்தாரு? தெனம் வந்து ஆச்சா ஆச்சான்னு கேப்பாரு, அதானே."

விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. முழுமையாக நிரப்பப்படாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். பிற்காலத்தில் நானே ஆயிரம் முறை எழுதிய வரி. அன்று அதை விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். பள்ளியில் கோடு போட்ட கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு கோட்டினால் படம் திரும்பி வந்துவிட்டால்? சித்தி தண்ணீர் குடிக்க எழுந்துபோனாள். நான் ஒன்பதாவது கட்டத்தில் மாஸ்டரின் முழுப்பெயரை, ஊர்ப்பெயரோடு, என்னுடைய மிக நல்ல கையெழுத்தில் எழுதினேன். அவள் திரும்பி வந்து கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

படம் ஏற்கப்பட்டதாக அஞ்சலட்டை வந்தது. என் திறமைதான் என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையும்கூட.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் போனோம். அப்பா விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா சித்தியின் தலையில் வலுக்கட்டாயமாக இரண்டு முழம் மல்லிகை வைத்துவிட்டாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் படங்கள் வரிசையாகத் தொங்கின. குதிரைகள், அரண்மனைகள், நீர்வண்ணத்தில் சாமுண்டி மலை, பதினேழு சாமிகள். சித்தியின் படத்தின் முன்னால் சின்னக் கூட்டம். நடுவில் மாஸ்டர், தங்கப் பித்தான் வைத்த ஜிப்பாவில், சிறப்பு விருந்தினரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம கையில வளந்த பொண்ணு சார். விசிறி ஒரு குறும்பு. நான்தான் இருக்கட்டும்னு விட்டேன்." அவர் பேசியது கன்னடத்தில்; சித்திக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

படத்தின் கீழே ஒரு அட்டை. சித்தி அதைச் சுட்டிக்காட்டி, "என்ன போட்டிருக்கு, படி" என்றாள்.

நான் பெருமையாக, உரக்கப் படித்தேன். படத்தின் பெயர். அவள் பெயர். அதற்குக் கீழே, அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில், இன்னாரின் சிஷ்யை.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ எழுதுனியா?"

"காலியா வுட்டா தள்ளிடுவாங்க சித்தி."

"தள்ளட்டுமே" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சங்கச் செயலாளரின் மேஜைக்குப் போனாள். அட்டையை மாற்ற வேண்டும் என்றாள். செயலாளர் கெட்டவர் அல்ல, விதி தெரிந்தவர். அவர் சொன்னதை இன்றும் மதிக்கிறேன்.

"நோடம்மா, குரு பேரை எடுத்தா ஒன்பதாவது கட்டம் காலி. காலின்னா விண்ணப்பம் முழுமையில்ல. முழுமையில்லாத விண்ணப்பத்தோட படம் இங்க தொங்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பரிசுப் பட்டியல்ல உன் பேரு இருக்கு. சும்மா இரு. ரெண்டு நாள்தானே."

மாஸ்டரும் வந்துவிட்டார். "இதுல என்னம்மா நஷ்டம் உனக்கு? என் பேரு இல்லாட்டி இந்தப் படத்தை வாசல் தாண்ட விட்டிருப்பாங்களா?"

"அப்ப வாசலுக்கு வெளிய வெக்கறேன்" என்றாள் சித்தி.

கண்காட்சி முடியும்வரை எந்தப் படத்தையும் எடுக்கக் கூடாது, எடுப்பதானால் எழுத்துமூலம் கோரிக்கை வேண்டும் என்றார் செயலாளர். சித்தி என்னை மேஜைக்கு இழுத்தாள். அழைப்பிதழின் பின்பக்கத்தைக் கொடுத்தாள்.

"எழுது. இந்தப் படத்த நான் போட்டேன். எனக்குக் குருன்னு யாரும் இல்ல. என் படத்த எடுத்துட்டுப் போறேன்."

நான் எழுதியதைச் செயலாளர் தலைகீழாகவே வாசித்துவிட்டார். "தயவுசெய்து அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்னு முடிக்கணும் பாப்பா. இல்லாட்டி கோரிக்கை ஆகாது."

நான் சித்தியைப் பார்த்தேன்.

"கேக்கல கண்ணு. சொல்றேன்" என்றாள்.

இந்த முறை அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். அம்மா, "வேண்டாண்டி, பரிசு வருதாம், வேலைக்கும் உலை வெச்சுக்காதே" என்று முந்தானையை இழுத்தாள். அப்பா போய், கொக்கியிலிருந்து படத்தைக் கழற்றி, சட்டத்தின் தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, சித்தியிடம் கொடுத்தார். விதிகளை மீறி அப்பா செய்த ஒரே காரியமாக எனக்குத் தெரிந்தது இதுதான்.

மண்டபத்தின் வெளிவாசலை ஒட்டிய நடைபாதையில், வேர்க்கடலை வண்டிக்கும் செருப்புத் தைப்பவருக்கும் இடையில், சித்தி படத்தைச் சுவரில் சாத்தி வைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டாள். கண்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் காலையிலும் வந்து நின்றாள். பட்டறைக்குப் போகவில்லை, இனி வர வேண்டாம் என்று மாஸ்டர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"ஏனம்மா இது, வியாபாரமா? லைசென்ஸ் இருக்கா?"

"விக்கல சார்."

"அப்புறம் என்ன பண்ற?"

"நிக்கறேன்."

நிற்பதற்கு லைசென்ஸ் தேவையா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுவிட்டு வருவதாகப் போனவர் திரும்பவில்லை. நான் பின்னாளில் தேடிப் பார்த்தேன். தெளிவான விதி இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு, பட்டறைக்கு விடுமுறை. பட்டறையின் ஐந்து பெண்களும் வந்தார்கள். படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "ஏ, இது நான்தானே!" என்றாள்.

"நீயா? தோளைப் பாரு. என்னுது."

"வாயில கட்டியிருக்கிற துணி எம்புடவைக் கிழிசல். கலரைப் பாரு வேணும்னா."

முகத்தில் பாதி துணிக்குள்ளே, மீதி குனிந்திருந்தது. யாராகவும் இருக்கலாம். சித்தியைக் கேட்டார்கள். அவள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே கைதட்டல் கேட்டது. இரண்டாம் பரிசு மாஸ்டரின் ராஜராஜேஸ்வரிக்கு. அதில் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சித்தி செய்தது. ஐந்து பெண்களும் அவளைப் பார்த்தார்கள். "கண்ணுக்குக் குடுத்திருப்பாங்க" என்றாள் அவள். பெண்கள் சிரித்த சிரிப்பில் கடலை வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதன்பிறகு சித்தி படங்களுக்குச் சட்டம் போடும் கண்ணாடிக்கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தன் பெயரிலேயே படம் போட்டுக் கொடுத்தாள், கண்களும் அவளுடையவையே. அது வேறு கதை, அதில் எனக்குப் பங்கில்லை. என் பங்கு அந்த ஞாயிறு சாயங்காலத்தோடு முடிகிறது.

போகிறவர்கள் வருகிறவர்கள், "யாரு போட்டது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அட்டை இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. செய்த தப்பைச் சரிசெய்துவிடும் ஆசையும் இருந்தது. என் பாவாடைப் பையில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது. சுவரில், இங்கே எழுதக் கூடாது என்று பெயிண்டில் எழுதியிருந்த இடத்துக்குச் சரியாகக் கீழே, படத்தின் பெயரை எழுதினேன். சித்தியின் பெயரைப் பெரிதாக எழுதினேன். முறைப்படி அடுத்து வர வேண்டியதையும் எழுதினேன்: குருவின் பெயர். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் அன்று சொன்னபடியே, விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டேன்.

சித்திக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. கோடு தெரியும். குனிந்து பார்த்தாள். என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, நான் விட்ட இடத்தில் வைத்து, நடக்க ஆரம்பித்தாள். கடலை வண்டியைத் தாண்டினாள். போலீஸ்காரர் நின்ற இடத்தைத் தாண்டினாள். உள்ளிருந்து மாலையோடு வந்துகொண்டிருந்த மாஸ்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாக்பீஸை வாசல் தூணின்மேல் ஏற்றி இறக்கி, மறுபக்கச் சுவரிலும் தொடர்ந்து, சாக்பீஸ் தேய்ந்து விரல் சுவரில் உரசும்வரை அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே போனாள்.

ஐந்து பெண்களும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. இவ்வளவு நீளமான கோடு எந்த விண்ணப்பத்தின் கட்டத்துக்குள்ளும் அடங்காதே, அடுத்த வருடம் நான் எப்படி இதை எழுதுவேன்?