மருமகனுக்கு அரைக் கோப்பைச் சோறு

வயிற்றைச் சுருக்கும் ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு இருபத்தேழு வயது. சீனி வருத்தம், முழங்கால் வலி, படுத்தால் மூச்சை அடைக்கிற குறட்டை என்று ஐம்பது வயதில் வரவேண்டியதையெல்லாம் அட்வான்ஸாக வாங்கி வைத்திருந்தேன். நான் வேலை செய்கிற கம்பனியின் காப்புறுதி செலவைப் பொறுப்பேற்கும். ஆனால் சும்மா இல்லை. ஆறு மாதம் டொக்டரின் கண்காணிப்பில் உணவைக் கட்டுப்படுத்தி, மாதாமாதம் கிளினிக்கில் நிறை பார்த்து, டயட்டிஷன் எழுதுகிற அறிக்கை எல்லாம் சேர்ந்த பைல் கொழும்புக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மாதம் பிசகினால் மறுபடி முதலாம் மாதம். காப்புறுதி இல்லையென்றால் ஒப்பரேசனும் இல்லை. அவ்வளவு காசுக்கு நான் எங்கே போக?

டிகிரி முடித்தவன், யூடியூப்பில் ஒப்பரேசனையே முழுசாகப் பார்த்தவன், இதெல்லாம் ஒரு மேட்டரா என்றுதான் தொடங்கினேன். மேட்டர் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் கிரான்காரன், இருப்பது தேற்றாத்தீவில், மனைவி வீட்டில். அங்கே சமையல் மாமியின் கையில். வீட்டோடு வந்த மருமகனின் கோப்பையில் சோறு குறைந்தால் ஊர் மருமகனைப் பற்றிக் கதைக்காது. மாமியைப் பற்றித்தான் கதைக்கும்.

ஆனாலும் மாமி ஒத்துழைத்தா. அரைக் கோப்பைச் சோறு, அவித்த பயற்றங்காய், எண்ணெய் படாத ஒரு துண்டு மீன். ஒரேயொரு நிபந்தனை: நான் முன் விறாந்தையில் இருந்து சாப்பிடக் கூடாது. குசினிக்குள், கதவு சாத்தி. யாராவது வாசல் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் கோப்பையை மூடிவிடுவா. ஏதோ களவு வேலை செய்கிற மாதிரி ஒளித்து ஒளித்துப் பட்டினி கிடந்தவன் மட்டக்களப்பிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாலு மாதம் நன்றாகப் போனது. ஐந்தாம் மாதம் நிறை அசையாமல் அப்படியே நின்றது. "சில நேரம் உடம்பு அப்பிடி நிக்கும் அண்ணன், பயப்பிடாதீங்க. வீட்ட சமைக்கிறவங்களக் கூட்டிற்று வாங்க, கேட்டு எழுதுவம்" என்றா கிளினிக்கில் இருந்த டயட்டிஷன் மிஸ். என் வயதுதான் இருக்கும்.

மாமி நல்ல சாறி உடுத்துக்கொண்டு வந்தா. கதிரையில் இருந்ததும் முதல் கேள்வியை அவதான் கேட்டா.

"நீங்க எந்த ஊர் பிள்ள?"

"களுவாஞ்சிக்குடி அம்மா."

பக்கத்து ஊர். அந்த இடத்திலேயே என் கதை முடிந்தது.

"சரி அம்மா, இவருக்கு வீட்ட என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"என்ட மருமகனுக்கு ஒரு குறையும் இல்ல பிள்ள. காலம்பிற பிட்டும் மீன் கறியும். பகலைக்கு இறாலோ நண்டோ இல்லாம கோப்பை வைக்கிறல்ல. சோறு முடிய முடியப் போடுவன். பிறகு தயிரும் பழமும்."

"மாமி!" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க தம்பி. பிள்ள கேக்குது, சொல்லத்தானே வேணும்."

மிஸ் எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தா. "என்ன அண்ணன், என்னட்ட வேற கதைதானே சொன்னீங்க? நிறையும் குறையல்ல. நான் கேட்டதத்தான் எழுதேலும். கொழும்பில இதப் பாத்தாங்கண்டா கட்டாயம் தள்ளிப்போடுவாங்க."

நான் சொன்ன விளக்கமெல்லாம் பிடிபட்ட கள்ளனின் விளக்கம் மாதிரியே இருந்தது. வெளியே வந்து சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருந்தோம்.

"ஏன் மாமி அப்பிடிச் சொன்னீங்க?"

"பின்ன? மருமகனுக்கு அரைக் கோப்பைச் சோறும் அவிச்ச பயத்தங்காயும் எண்டு களுவாஞ்சிக்குடிப் பிள்ளையிட்டச் சொல்லவா? பொழுதுபடக்குள்ள ஊரெல்லாம் பரவிரும். உங்கட அம்மா கிரான்ல இருந்து ட்ரக்டர்ல ஆள் ஏத்திற்று வருவா."

"ராவையில நான் மூச்சு அடைச்சி எழும்புறது தெரியும்தானே?"

"தெரியாம? சுவருக்கு அங்கால கிடந்து கேக்கிறவள் நான்தானே."

"இந்தப் பைல் போகாட்டி ஒப்பரேசன் இல்ல மாமி. பரவால்ல, ஒரு நாளைக்கு மூச்சு நிண்டு போனாலும் செத்த வீட்டுக்கு வாற சனம் உங்களப் புகழும். மருமகனுக்கு வயிறு நிறையப் போட்டுத்தான் அனுப்பினாவாம் எண்டு."

"வாயக் கழுவுங்க தம்பி!"

கொஞ்ச நேரம் சாறித் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தா. உள்ளே போயிருந்த ஆள் வெளியே வந்ததும் எழும்பிப் போனா. நானும் பின்னால் போனேன். அவவே கதவைச் சாத்தினா.

"பிள்ள, எழுதினத வெட்டுங்க. நான் சொன்னது பொய்."

மிஸ் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தா.

"அவருக்கு நான் அரைக் கோப்பைதான் போடுறன். அதுவும் குசினிக்க மறைச்சி வெச்சி. கூடக் கேட்டாலும் குடுக்கிறல்ல." கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது, இது அவவுக்கு எவ்வளவு பெரிய கதை என்று.

"பிறகு ஏன் அம்மா அப்பிடிச் சொன்னீங்க?"

"உங்கட அம்மாக்கும் ஊட்டோட ஒரு மருமகன் வரட்டும். அப்ப விளங்கும்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு என்ன அரிசி, எத்தனை தேங்காய்ப் பால் கறி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முதலில் எழுதியதை வெட்டி ஒப்பம் வைத்து, புதிதாக எழுதினா. மாமி எழும்பும்போது, "அம்மா, நோயாளிர கதை இந்த அறைய விட்டுப் போகாது" என்றா. மாமி தலையை ஆட்டினா. நம்பின மாதிரித் தெரியவில்லை.

ஆறாம் மாதம் நிறை மறுபடி இறங்கியது. பைல் கொழும்புக்குப் போய், சில கிழமைகளில் அனுமதி வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கேட்டுவிட்டு, "நல்லம்" என்றா. பிறகு கத்தி நின்றது.

"ஒப்பரேசன் முடிஞ்சா எவ்வளவு சாப்பிடலாம் தம்பி?"

"முதல்ல தண்ணிச் சாப்பாடுதான் மாமி. பிறகு நாலஞ்சு கரண்டி வரும்."

"நாலஞ்சு கரண்டிக்கு நான் என்னத்தச் சமைக்கிற?"

அவவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பக்கத்தில் கிடந்த குந்துகிற பலகையை இழுத்துப் போட்டு, இரண்டு பேருமாக யோசிப்போம் என்று மாமிக்கு முன்னால் இருந்தேன்.